பழ டப்பா லேபிள் நிறம் மாறவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

உணவுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. ஒவ்வொரு ஜனவரியிலும் இறுதியாண்டு மாணவர்களில் ஒரு கூட்டம் ஊதா முட்டைக்கோஸையோ சங்குப்பூவையோ அரைத்து எடுத்துக்கொண்டு வரும். பழம் கெட்டால் தானாக நிறம் மாறும் இயற்கை லேபிள் செய்யப் போகிறார்களாம். மார்ச்சில் அதே கூட்டம் திரும்ப வந்து, "சார், கலரே மாறல" என்று நிற்கும். பாதிப் பேர் இதற்கு நேர் எதிர்: "பழம் நல்லாத்தான் சார் இருக்கு, லேபிள் மட்டும் மாறிப்போச்சு." இப்போது வீட்டிலிருந்து பழத்துண்டு டப்பா விற்கிறவர்களும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் வாயால் சொன்னதை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன்.

அறிகுறிக்குள் போகும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பிழை அங்கேயே தீரும். லேபிள் பழத்தைப் பார்ப்பதில்லை. தன் ஈரத்துக்குள் கரைந்து வந்த ஆவி அமிலமா காரமா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். மீன், இறால், கோழி கெட்டால் அமோனியாவும் அமீன்களும் கிளம்பும். அவை காரம். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை அந்தக் காரத்தைப் பிடிக்கச் செய்தவை. பழத்தின் கதையே வேறு. பழம் மூச்சு விடும்போது வருவது கரியமில வாயு, பழுக்கும்போது எத்திலீன், நொதித்தால் ஆல்கஹால், அது புளித்தால் அசிட்டிக் அமிலம். இதில் எத்திலீனும் ஆல்கஹாலும் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. பூச்சாயத்துக்கு அவை கண்ணிலேயே படாது. மிஞ்சுவது கரியமில வாயு, அசிட்டிக் அமிலம் இரண்டும். இரண்டும் அமிலப் பக்கம். மீனுக்கு எழுதிய செய்முறையைப் பழத்துக்கு எடுத்தால் வடக்கே வரும் பஸ்ஸுக்குத் தெற்கே நின்று காத்திருப்பது மாதிரிதான்.

"அப்போ நியூசிலாந்துக்காரன் பேரிக்காய்க்குச் செஞ்சானே?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். 2004-இல் அங்கே வந்த ரைப்சென்ஸ் லேபிள் பழம் விடும் வாசனை ஆவிகளைப் பிடித்து, சிவப்பிலிருந்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் என்று மாறும். அது பழுத்த பதத்தைச் சொல்வதற்கு. முட்டைக்கோஸ் சாற்றிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் மூன்று பாட்டில்

என்ன அறிகுறியாக இருந்தாலும் இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள். மூடியுள்ள மூன்று ஊறுகாய் பாட்டில்களை நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். மூடியின் உட்புறம் லேசாக ஈரமாக்கிய லேபிள் துண்டை ஒட்டுங்கள்.

முதல் பாட்டிலின் அடியில் வினிகரில் நனைத்த பஞ்சு. ஐந்து, பத்து நிமிடத்தில் துண்டு இளஞ்சிவப்புப் பக்கம் போக வேண்டும்.

இரண்டாவதில் இரண்டு விரல் உயரத் தண்ணீர் விட்டு அரை பாக்கெட் ஈனோ போடுங்கள். பொங்கி அடங்கட்டும், அதுவரை மூடியைச் சும்மா மேலே வையுங்கள். இறுக்கி மூடினால் அழுத்தம் ஏறும், பாட்டில் வெடிக்கலாம். வினிகரும் சோடா மாவும் கலந்து செய்யாமல் ஏன் ஈனோ என்றால், அதிலுள்ள சிட்ரிக் அமிலம் ஆவியாகாது. துண்டைத் தொடுவது கரியமில வாயு மட்டும்தான். கரைசல் துண்டின் மேல் தெறிக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதில் வெறும் தண்ணீர் பத்துச் சொட்டு. ஒரு நாள் முழுக்க இதில் எதுவும் மாறக் கூடாது.

முதல் பாட்டிலிலேயே மாறவில்லை என்றால் லேபிள் செத்தது, பழத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் மாறி இரண்டாவதில் மாறாவிட்டால் உங்கள் சாயத்துக்குக் கரியமில வாயு தெரியாது. அது குறையாகவும் இருக்கலாம், வசதியாகவும் இருக்கலாம், கீழே சொல்கிறேன். மூன்றாவதில் மாறினால் பசை, தாள், பாத்திரம் மூன்றில் ஒன்று குற்றவாளி.

அறிகுறி: பழம் புளித்து நாறுகிறது, லேபிள் அசையவே இல்லை

முதல் சந்தேகம் சாயத்தின் மேல். மஞ்சள் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் சிவப்பது சுண்ணாம்பு சேர்வதால், அதாவது காரத்தால். அமிலத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். பழ டப்பாவில் அதை ஒரு மாதம் வைத்தாலும் பதில் கிடைக்காது. பீட்ரூட்டும் அப்படித்தான்: பிஎச் (அமிலமா காரமா என்று சொல்லும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம்) 3 முதல் 7 வரை ஒரே நிறம், பழத்தில் நடக்கிற கூத்தெல்லாம் அந்த இடைவெளிக்குள்தான். நாவல்பழச் சாறும் புளிச்ச செம்பருத்திச் சாறும் பிறக்கும்போதே அமிலத்தோடு சிவந்து பிறப்பவை. இனி எங்கே சிவப்பது?

சங்குப்பூவைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் தடுக்கி விழும் இடம் அது. சங்குப்பூ டீயில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், எல்லோரும் பார்த்திருப்போம். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 சொச்சம். ஆனால் பிஎச் 4-க்கும் 7-க்கும் நடுவே சங்குப்பூ நீலம் அநேகமாக நீலமாகவே உட்கார்ந்திருக்கும். இப்போது கரியமில வாயுவைப் பாருங்கள். சுத்தமான தண்ணீர் திறந்த காற்றில் இருந்தாலே பிஎச் 5.6 வரை இறங்கும். டப்பாக் காற்றில் 5 சதவீதம் கரியமில வாயு சேர்ந்தால் 4.6 வாக்கில் வரும். டப்பா முழுக்க அந்த வாயுவே நிரம்பினாலும் 3.9-க்குக் கீழே போகாது. ஆக, பழம் எவ்வளவுதான் மூச்சு விட்டாலும் சங்குப்பூ லேபிளுக்கு உறைக்காது. அசிட்டிக் அமிலம் வந்தால்தான் அது அசையும். அசிட்டிக் அமிலத்தின் ஆவி கரியமில வாயுவைவிட லட்சம் மடங்குக்கும் மேல் தண்ணீரில் கரையக்கூடியது. காற்றில் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு இருந்தாலே லேபிளின் ஈரத்தை 4-க்குக் கீழே இழுத்துவிடும். உங்கள் மூக்குக்கு லேசாகப் புளிப்பு எட்டும் நேரத்தில் அதற்கும் எட்டும்.

ஊதா முட்டைக்கோஸ் நேர்மாறு. நீலம், ஊதா, இளஞ்சிவப்பு என்று அது மாறுவதெல்லாம் 8-லிருந்து 4-க்குள் நடந்துவிடும். கரியமில வாயு வந்தாலே காட்டும். ஆகவே மூச்சைப் பார்க்க முட்டைக்கோஸ், புளிப்பைப் பார்க்கச் சங்குப்பூ. இந்த வேலைப் பிரிவினையை மனதில் வைத்தால் அடுத்த அறிகுறியும் எளிதாகும்.

சாயம் சரி, இருந்தும் மாறவில்லையா? தண்ணீரைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு மாணவி கொண்டுவந்த துண்டுகள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. விடுதியில் செய்தவை எல்லாம் மயில்கழுத்துப் பச்சை. இங்கே ஆய்வகத்தில் செய்தவை கத்தரிப்பூ நிறம். அதே முட்டைக்கோஸ், அதே கத்தி. விடுதியில் ஆழ்குழாய்த் தண்ணீர், கெட்டிலில் வெள்ளை வெள்ளையாகச் செதில் படியும் ஜாதி. பாட்டில் சோதனையில் ஆய்வகத் துண்டு ஐந்து நிமிடத்தில் சிவந்தது. விடுதித் துண்டு அரை மணி நேரம் கழித்துத்தான் ஓரத்தில் லேசாக ஊதா காட்டியது. உப்புத் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டும் சுண்ணாம்புச் சத்தும் வருகிற அசிட்டிக் அமிலத்தை எல்லாம் முதலில் விழுங்கும். கரியமில வாயு வந்தாலும் பிஎச் 7-ஐச் சுற்றியே நிற்கும். பாடப்புத்தகம் இதைத்தான் தாங்கல் கரைசல் என்கிறது, பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். பேட்டரிக்கு விடுகிற வடிநீரோ உப்பு நீக்கிய தண்ணீரோ போதும்.

அடுத்தது தாள். ஜெராக்ஸ் தாளில் சாயம் தோய்த்துக் காயவைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தத் தாளில் வெண்மைக்காகக் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள், அதாவது சுண்ணாம்புக்கல் பொடி. ஊதாச் சாறு ஒரு சொட்டு விட்டதும் நீலமாக மாறினால் அதுதான் காரணம். வடிதாளோ காபி வடிகட்டும் தாளோ வாங்குங்கள்.

எல்லாம் சரி என்றால் ஈரம். காய்ந்து மொறமொறப்பான துண்டில் வாயு கரைய இடமில்லை, கரையாமல் அமிலம் உருவாகாது. தாளுக்குப் பதில் மாவுக்கூழில் சாயம் கலந்து படலமாக ஊற்றும்போது கிளிசரின் சேர்ப்பது வளைவதற்கு மட்டுமல்ல, ஈரத்தைப் பிடித்து வைக்கவும்தான். 100 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் மரவள்ளி மாவு, ஒன்றரை கிராம் கிளிசரின் என்பது என் கணக்கு. தாள் துண்டு என்றால் பத்து சதவீதக் கிளிசரின் கரைசலில் ஒருமுறை தோய்த்து எடுங்கள்.

டப்பாவில் காற்றுத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள். நான்கு துளை போட்ட திராட்சை டப்பாவில் லேபிள் ஒட்டி ஒரு வாரம் காத்திருந்தவர்கள் உண்டு. வாயு எல்லாம் துளை வழியே போய்விடும்.

கடைசியாக, சாயம் கூடிப்போனாலும் மாற்றம் தெரியாது. கருநீலம் கருஊதாவானால் யார் கண்ணுக்குத் தெரியும்? சாற்றை நான்கு மடங்கு நீர்த்து ஒரு துண்டு செய்து பாருங்கள். வெளிறின துண்டுதான் மாற்றத்தை முதலில் காட்டும்.

அறிகுறி: காலையில் ஒட்டினேன், மதியமே மாறிவிட்டது, பழம் புத்தம்புதிது

இது லேபிளின் பிழை இல்லை, கணக்கின் பிழை. ஒரு கிலோ கொய்யாவை மூடின டப்பாவில் வைக்கிறீர்கள், உள்ளே ஒரு லிட்டர் காற்றுக்கு இடம் இருக்கிறது. பழம் மணிக்கு 50 மி.கி. கரியமில வாயு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 27 மி.லி. வாயு. ஒரு மணி நேரத்தில் 2.7 சதவீதம், இரண்டு மணி நேரத்தில் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். மரத்திலிருந்து அன்று காலை பறித்த பழமும் இதைச் செய்யும். உயிரோடு இருக்கிற பழம் அது, மூச்சு விடத்தானே செய்யும். முட்டைக்கோஸ் லேபிள் அதைச் சரியாகவே சொல்லியிருக்கிறது, நாம்தான் அதைக் 'கெட்டது' என்று படித்துவிட்டோம்.

தீர்வு மூன்று வழியில் இருக்கிறது. ஒன்று, முழுப் பழத்துக்கு வாயு ஓரளவு வெளியேறும் மெல்லிய பாலிதீன் உறையைப் பயன்படுத்துவது. உள்ளே அளவு ஒரு இடத்தில் நிலைக்கும், அந்த நிலையின் நிறத்தை 'நல்லது' என்று அச்சிட்டுவிடலாம். இரண்டு, முட்டைக்கோஸை விட்டுவிட்டுச் சங்குப்பூவுக்கு மாறுவது. வெறும் மூச்சுக்கு அது அசையாது என்று மேலே பார்த்தோம்; அந்த மந்தமே இங்கே நமக்கு உதவி. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுவது. முட்டைக்கோஸ் மாறி சங்குப்பூ நீலமாகவே இருந்தால் பழம் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, பழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் சிவப்புப் பக்கம் போனால் புளித்துவிட்டது, திறக்கவே வேண்டாம். நறுக்கின பப்பாளி, அன்னாசித் துண்டுகளுக்கு இந்த ஜோடி நன்றாக வேலை செய்கிறது. அங்கே ஈஸ்ட் நொதித்து ஆல்கஹாலும் புளிப்பும் வருவது சீக்கிரம்.

குளிர்ப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்த டப்பாவிலும் இதே கோளாறு வரும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பழத்தின் மூச்சு இரண்டு, மூன்று மடங்காகும். 8 டிகிரியில் நிலையாக இருந்த நிறம் 30 டிகிரி மேசையில் ஒரு மணி நேரத்தில் தாண்டிவிடும். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையை எந்த வெப்பநிலைக்குத் தயாரித்தீர்களோ அந்த வெப்பநிலையில்தான் படிக்க வேண்டும். டப்பாவில் பழம் எவ்வளவு, காற்றிடம் எவ்வளவு என்பதும் அட்டை தயாரித்தபோது இருந்த மாதிரியே இருக்கட்டும். அரைக் கிலோவுக்குச் செய்த அட்டையை முக்கால் கிலோ டப்பாவில் வைத்தால் அது பொய்தான் சொல்லும்.

அறிகுறி: டப்பாவில் ஒட்டும் முன்பே நிறம் போய்விட்டது

கைட்டோசன் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) படலம் செய்தீர்களா? கைட்டோசன் கரைவதற்கே ஒரு சதவீத அசிட்டிக் அமிலம் ஊற்றியிருப்பீர்கள். அந்த அமிலம் படலத்திலேயே தங்கிவிடும், சாயம் பிறக்கும்போதே சிவப்பு. அமிலத்தைத் தேடுகிற வேலைக்குக் கைட்டோசன் ஒத்துவராது. மரவள்ளி மாவு, கடல்பாசி இரண்டில் ஒன்றுக்கு வாருங்கள்.

பசையும் இதைச் செய்யும். கடையில் விற்கும் வெள்ளைப் பசைகள் பொதுவாகக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளவை. துண்டின் நான்கு ஓரமும் சிவந்து நடு மட்டும் நீலமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், பசைதான். 'இயற்கை' என்று மைதா பசை காய்ச்சுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: மறுநாளே அது புளிக்கும். சுவரொட்டிக்காரர்கள் மாதிரி மயில்துத்தம் போட்டால் செம்பு ஒன்று உள்ளே வரும், சாயத்தோடு கூடி நிறத்தைக் கெடுக்கும், உணவு டப்பாவில் அதற்கு வேலையும் இல்லை. பசையே படாமல் லேபிளின் ஓரத்தை மட்டும் வெளிப்பக்க டேப்பால் பிடிக்கச் செய்வதுதான் சுலபம்.

அலுமினியச் சட்டியில் சாறு காய்ச்சினாலும், துருப்பிடித்த இரும்புக் கரண்டியால் கிளறினாலும் முட்டைக்கோஸிலும் சங்குப்பூவிலும் உள்ள ஆந்தோசயனின் என்ற சாயம் அந்த உலோகத்தோடு கூடி மங்கலான நீலமாகும். எவர்சில்வர், கண்ணாடி மட்டும்.

மெல்லிய மாற்றம் ஒன்றும் உண்டு. முட்டைக்கோஸ் சாற்றை நல்ல நீலத்தில் தொடங்கினால் மாற்றம் பளிச்சென்று தெரியும் என்பதால் சோடா மாவு சேர்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கரைத்து, அதைச் சொட்டுச் சொட்டாகச் சாற்றில் விட்டு, ஊதா நீலத்துக்குத் திரும்பும் இடத்தில் நிறுத்த வேண்டும். கையால் ஒரு சிட்டிகை போட்டால் முடிந்தது, மேலே சொன்ன ஆழ்குழாய்த் தண்ணீர்க் கதைதான். இப்படிச் செய்த துண்டுகள் திறந்த மேசையில் காற்றிலுள்ள வாயுவையும் உறிஞ்சும். முப்பது பேர் மூச்சு விடும் வகுப்பறையில் காயவைத்தால் இன்னும் கொஞ்சம். செய்த கையோடு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடின டப்பாவில் போடுங்கள்.

அறிகுறி: லேபிள் வெளுத்து வெள்ளையாகிவிட்டது

திராட்சைப் பெட்டியா? பெட்டிக்குள் வெள்ளைத் தாள் அட்டை ஒன்று விரித்திருக்கிறதா? அதற்குள் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் இருக்கும். ஈரம் பட்டால் கந்தக டை ஆக்சைடு வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, திராட்சையில் சாம்பல் பூஞ்சை பிடிக்காமல் காக்கும். நாசிக் பக்கத்திலிருந்து ஏற்றுமதியாகும் திராட்சையில் இது சாதாரணம். அந்த வாயு ஆந்தோசயனினோடு நேரடியாகச் சேர்ந்து அதை நிறமற்றதாக்கிவிடும். பழம் கெட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கே புரியவில்லை. மூன்று நாள் சாயத்தை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு அப்புறம்தான் பெட்டியின் அடியைத் தூக்கிப் பார்த்தேன். அந்த அட்டை இருக்கும் பெட்டியில் பூச்சாய லேபிள் வேண்டாம். பொன்னிற உலர் திராட்சைப் பொட்டலத்துக்கும் அதே.

குளோரின் நீரில் கழுவிய பழத்தைத் துடைக்காமல் அடைத்தாலும் வெளுக்கும்.

இவை இரண்டும் இல்லை என்றால் வெளிச்சம். சேலையில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் போட்டால் போய்விடுகிறதே, அதே கதைதான் பூச்சாயத்துக்கும், கொஞ்சம் மெதுவாக. துண்டின் பாதியைக் கறுப்பு டேப்பால் மூடி இரண்டு நாள் கடை அலமாரியில் வையுங்கள். டேப்பை எடுத்ததும் மூடிய பாதி கருத்தும் திறந்த பாதி வெளிறியும் இருந்தால் விளக்குதான் திருடன். எப்போதும் ஒரு காலி டப்பாவில் ஒரு துண்டு ஒட்டிப் பழ டப்பாக்களின் பக்கத்திலேயே வைக்கும் பழக்கம் இருந்தால் இந்தக் குழப்பம் வராது. காலி டப்பாவிலும் வெளுத்தால் பழத்தை விட்டுவிடலாம்.

மாவு கொதிக்கும்போதே சாற்றை ஊற்றியிருந்தால் சாயம் சூட்டிலேயே பாதி போயிருக்கும். மாவு கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கி, பாத்திரத்தை வெறும் கையால் தொட முடிகிற சூட்டுக்கு, 50 டிகிரி வாக்கில், வந்ததும் ஊற்றுங்கள். காயவைப்பதும் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம்.

அறிகுறி: சாயம் ஒழுகிப் பழத்தில் நீலக் கறை

குளிரில் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தச் சொட்டு லேபிள் வழியாக இறங்குகிறது. மூடியில் ஒட்டாதீர்கள், பக்கச் சுவரின் மேல்பகுதியில் ஒட்டுங்கள். லேபிளின் பழப் பக்கத்தை, குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்ளான் டேப் ஒரு சுற்றால் மூடுங்கள். ஆவி உள்ளே போகும், தண்ணீர் போகாது. சோதனை டப்பாவுக்கு இதைவிட மலிவான ஜன்னல் எனக்குத் தெரியாது. விற்பனைக்குப் போகும் டப்பா என்றால் உணவோடு பயன்படுத்தத் தகுந்தது என்று சான்றுள்ள படலமாக வாங்க வேண்டும். சாயம் பூவிலிருந்து வந்தது என்பதற்காக லேபிள் பழத்தில் படலாம் என்று ஆகிவிடாது. கிளிசரினும் பசையும் கூடவே இருக்கின்றனவே.

அறிகுறி: நீலம் பச்சையாக, மஞ்சளாக, அல்லது மஞ்சள் லேபிள் சிவப்பாக மாறுகிறது

மூன்றுக்கும் ஒரே காரணம், காரம். டப்பாவைச் சோப்புத்தூளில் கழுவிச் சரியாக அலசவில்லை என்பதுதான் பெரும்பாலும்.

இங்கேதான் மாம்பழக் கேள்வி வரும்: "கார்பைடு போட்டுப் பழுக்க வைத்ததை இது காட்டுமா?" கால்சியம் கார்பைடு ஈரத்தில் அசிட்டிலீன் வாயுவை விட்டுவிட்டுச் சுண்ணாம்பாகிறது. அசிட்டிலீனை லேபிள் பார்க்காது. தோலில் ஒட்டின வெள்ளைத் தூளை நேராகத் தொட்டால் மஞ்சள் துண்டு சிவக்கக்கூடும். ஆனால் சாம்பல், சுண்ணாம்பு, சோப்பு எது பட்டாலும் சிவக்கும், கழுவின பழத்தில் எதுவுமே காட்டாது. அதை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். கார்பைடுக்கு நம் நாட்டில் தடை, எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. இந்த இரண்டில் எதைப் பயன்படுத்தினார்கள் என்று பிரித்துச் சொல்லும் வேலை ஆய்வகக் கருவிக்கு உரியது.

அறிகுறி: லேபிளிலேயே பூஞ்சை

மாவு, கிளிசரின், செடிச்சாறு, ஈரம். பூஞ்சைக்கு இதைவிட நல்ல விருந்து ஏது? முழுதாகக் காயவிட்டு மூடி வையுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் பழையதைப் பயன்படுத்தாதீர்கள். சோடியம் பென்சோவேட் மாதிரிப் பாதுகாப்பு உப்புகளைச் சேர்த்தால் பிஎச் நகரும், மறுபடி முதலிலிருந்து நிற அட்டை செய்ய வேண்டியிருக்கும்.

அறிகுறி: டப்பாவைத் திறந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது

கரியமில வாயு வெளியே போனதும் அமிலமும் போய்விடும். மாற்றம் அழியாமல் நிற்க வேண்டும் என்றால் இந்தச் சாயங்கள் உதவாது. திறக்கும் முன் படிக்க வேண்டும் என்று லேபிளிலேயே எழுதிவிடுங்கள். கடைக்காரர் காலையில் மூடியைத் தூக்கிக் காற்றாட விட்டு மூடினால் 'புதுப் பழம்' ஆகிவிடும் என்பதும் இதனால்தான். விற்பனைக்குப் போகும் டப்பாவில் திறந்தால் கிழியும் முத்திரை கூடவே இருக்க வேண்டும்.

அறிகுறி: லேபிள் 'நல்லது' என்கிறது, பழத்துக்குள் அழுகல்

இதற்கு மருந்து இல்லை. மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டு ஆவி விட்டுச் சொல்லப்போவதில்லை. பூஞ்சை அழுகலும் எல்லாம் ஒரே ஜாதி இல்லை: ஆப்பிளைத் தாக்கும் நீலப் பூஞ்சை தான் இருக்கும் இடத்தை அமிலமாக்கும், மாம்பழத்தில் கரும்புள்ளி போடும் பூஞ்சை அமோனியா விட்டுக் காரமாக்கும். ஒன்று சிவப்புக்கு இழுக்க, இன்னொன்று நீலத்துக்கு இழுக்கும். புள்ளி சிறிதாக இருக்கும்வரை இரண்டுமே லேபிளுக்கு எட்டாது. கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த பிறகு ஒட்டுவதற்குத்தான் லேபிள்.

அறிகுறி: ஒருவருக்கு நீலம், இன்னொருவருக்கு ஊதா

மஞ்சள் வெளிச்ச பல்பின் கீழே நீலமும் ஊதாவும் ஒன்றுதான். சிலருக்குச் சில நிறங்களைப் பிரித்தறிவதே சிரமம். லேபிளைச் சுற்றி ஒரு வளையமாக 'நல்லது', 'இன்றே சாப்பிடு', 'வேண்டாம்' என்று மூன்று நிறத்தை அச்சிட்டு, பக்கத்தில் வைத்து ஒப்பிடச் செய்யுங்கள். அந்த அச்சு நிறத்தைக் கணினித் திரையில் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உண்மையான துண்டுகளை நாளுக்கொன்றாக எடுத்து, அதே ஜன்னல், அதே நேரம், அடியில் அதே வெள்ளைத் தாள் வைத்துப் படம் எடுத்து, அச்சகத்துக்குத் துண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த மூட்டை முட்டைக்கோஸ் வந்ததும் இதையெல்லாம் மறுபடி ஒருமுறை செய்ய வேண்டும். ஊட்டிக் கோஸ் மழைக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம்.